என் தந்தையார் விட்டுச்சென்ற கணக்குப் புத்தகங்கள்

குடியானவர் ஒருவர் காலஞ்சென்றால், அவர் வைத்துவிட்டுப் போன நிலம் எத்தனை மா, மாடு எத்தனை, கடன் எவ்வளவு என்று விசாரிப்பது ஊர் வழக்கம். என் தந்தையார் 2012ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில், தமது எண்பத்தெட்டாம் வயதில் காலமானபோது எங்களையும் அவ்விதமே விசாரித்தார்கள். ஒன்பது மா நன்செய், ஒரு கறவைப் பசு, கடன் இல்லை என்று விடை கூறினோம். அவர் வைத்துவிட்டுப் போன மற்றொரு சொத்தைப் பற்றி அப்பொழுது ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நெற்குதிரின் பக்கத்தில், பழைய மரப்பெட்டி ஒன்றில், ஆண்டுக்கு ஒன்றாக 67 கணக்குப் புத்தகங்கள் இருந்தன. அவற்றைப் பற்றியும், அவற்றை எழுதியவரைப் பற்றியும் இப்பத்திரிகையை வாசிக்கும் குடியானவ அன்பர்களுக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

எங்கள் கிராமம் மாயூரத்திற்குக் கிழக்கே, காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளது. மேலே உள்ளவர்கள் பருகி மிஞ்சிய நீரே எங்களுக்கு வரும். மேட்டூர் அணை கட்டி முடிந்து நீர் தேக்கப்பெற்ற 1934ஆம் ஆண்டில் என் தந்தையாருக்குப் பத்து வயது. அதற்கு முன்னர் ஆற்றில் வெள்ளம் வருவதும் வற்றுவதும் மலைநாட்டு மழையைப் பொறுத்திருந்தன. அணை ஏற்பட்ட பின்னர், ஜூன் மாதம் 12ஆம் தேதி கதவு திறந்தால் இன்ன நாளில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிலை உண்டாயிற்று. "நாள் கணக்குப் பார்க்கக் காவிரியே எனக்குக் கற்பித்தாள்" என்று அவர் கூறுவதுண்டு.

அவர் ஐந்தாம் வகுப்பு வரையிலுமே படித்தவர். ஆயினும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். தமது தகப்பனார் இறந்து நிலப் பொறுப்பு தம் கைக்கு வந்த 1946ஆம் ஆண்டில் முதற் புத்தகத்தைத் தொடங்கினார். அதில் வரவு செலவு மட்டும் இல்லை. விதை ஊறவைத்த நாள், நாற்றுவிட்ட நாள், நட்ட நாள், எத்தனை பெண்டுகள் நட்டார்கள், எந்த வயலில் எரு எத்தனை வண்டி, மழை பெய்த நாள், பூச்சி கண்ட நாள், கதிர் தலைகாட்டிய நாள், அறுத்த நாள், கண்டுமுதல் எவ்வளவு என்பனவெல்லாம் வரிசையாக இருக்கும். ஆண்டின் முடிவில் ஒரு கோடு கிழித்து, அதன் கீழே ஒன்றிரண்டு வரிகளில், அவ்வாண்டில் தாம் செய்த தவறு இன்னதென்று எழுதி வைப்பார். லாபத்தைப் பற்றி அவ்விடத்தில் எழுதுவதே இல்லை.

விவசாய இலாகாவார் வெளியிடும் துண்டுப் பிரசுரங்களும் மாதப் பத்திரிகையும் ஊருக்கு வந்தால் அவற்றைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். எழுத்தறியாத அண்டை வீட்டார் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். வாசித்து முடிந்ததும், "இதை முதலில் ஒரு மாவில் செய்து பார்ப்போம்" என்பார். ஒன்பது மாவிலும் ஒரே நாளில் புதுமை செய்யமாட்டார். ஒரு மாவிலும் செய்து பாராமல் ஒன்றைப் பழிக்கவும் மாட்டார்.

புயல் தந்த விதை

1952ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நாகப்பட்டினத்தை ஒட்டி அடித்த பெரும்புயல் எங்கள் ஊரையும் அழித்தது. சம்பாப் பயிர் பூத்துப் பால் பிடித்துக்கொண்டிருந்த சமயம். ஓர் இரவில் வயல் முழுவதும் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. மேலே முழங்கால் தண்ணீர். வீட்டுக் கூரை போய்விட்டது. அவ்வாண்டுப் புத்தகத்தில் தண்ணீர் பட்டு மசி கரைந்து, பாதிப் பக்கங்கள் நீலக்கறையாகவே இருக்கின்றன.

ஊரார் கூரைக்குக் கீற்றுத் தேடிக்கொண்டிருந்தபோது, என் தந்தையார் விதையைப் பற்றிக் கவலைப்பட்டார். அறுவடை பொய்த்தால் அடுத்த ஆடியில் விதைக்க நெல் இராதன்றோ? தண்ணீர் சற்று வடிந்ததும் அவரும் என் தாயாரும் வயலில் இறங்கி, வரப்போரத்து மேட்டில் நின்று பிழைத்த கதிர்களை அடையாளமிட்டு வைத்தார்கள். அவை முற்றியபின் ஒவ்வொன்றாகக் கையால் கொய்தார்கள். அவ்விதம் சேர்ந்த நெல் ஒரு கலமும் மூன்று மரக்காலுமே. அதில் பாதியை நான்கு அண்டை வீட்டாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அளந்தது அளந்தபடி அடுத்த தையில் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை, வட்டி இல்லை.

மிஞ்சிய விதை வழக்கம்போல் கொத்துக் கொத்தாக நடப் போதாது. ஆகவே குத்துக்கு ஒற்றை நாற்றாக, இடம் விட்டு நட்டார். பார்த்தவர்கள் நகைத்தார்கள். ஆனால் நாற்று நன்றாகத் தூர் கட்டி, அவ்வயல் மற்ற வயல்களுக்குக் குறையாமல் விளைந்தது. ஆண்டு முடிவுக் கோட்டின் கீழே, "இத்தனை வருஷம் விதையைச் சேற்றில் கொட்டினேன்" என்று எழுதியிருக்கின்றார். அரை நூற்றாண்டு கழித்துச் செம்மை நெல் சாகுபடி என்னும் பெயரால், இளநாற்றை ஒற்றையாக இடம் விட்டு நடும்படி இலாகாவினர் ஊர் ஊராக வந்து எடுத்துக் கூறியபோது, அவர் அந்த நீலக்கறைப் புத்தகத்தையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

உறக்கமில்லாத நெல்

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் 1965ஆம் ஆண்டையொட்டிக் குடியானவர்களுக்குக் கிடைக்கலாயிற்று. ஜப்பானிய இனத்தையும் நம் நாட்டு இனத்தையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய அந்நெல் குறுவைக்கு ஏற்றது. உரத்தை ஏற்று விளையக் கூடியது. என் தந்தையார் முதலாண்டில் ஒரு மாவில் நட்டார். கண்டுமுதல் மிகுதியாக இருக்கவே, மறு ஆண்டில் குறுவை முழுவதையும் அதற்கே விட்டார். அவ்வாண்டில் நாற்றுவிடத் தாமதமாயிற்று. அறுப்பு ஐப்பசி அடைமழையில் அகப்பட்டது. பழைய நெல்வகைகள் பல அறுத்த பின்னர்ச் சில வாரங்கள் முளைக்காமல் உறங்கும் இயல்புடையவை. இந்நெல்லுக்கோ அவ்வுறக்கம் இல்லை. நனைந்த கட்டுக்கள் களத்தில் கிடந்தபடியே வெள்ளை முளை விட்டன.

நெல்லைப் பழித்து அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. "பத்து நாள் பிந்தினேன். நெல் மேல் குற்றமில்லை" என்பதே கோட்டின் கீழ் உள்ள வரி. அதன்பின் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கிட்டு, அதற்கு முன்பாகவே நாற்றங்காலைப் புழுதியடித்து ஆயத்தமாக வைப்பார். பிந்திப்போனால் அவ்வயலில் குறுவை நடாமல் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, ஒருபோகச் சம்பாவோடு நின்றுவிடுவார். தக்கைப்பூண்டு ஏறத்தாழ 45 நாளில் மடக்கி உழும் பருவத்திற்கு வரும். ஆகவே அதனால் சம்பா நடவு பிந்துவதில்லை. எரு வண்டிக் கூலியும் மிச்சமாகும்.

நான் செய்த பிழை

இனி, எழுதுவதற்கு என் மனம் கூசும் ஒன்றையும் எழுதவேண்டும். நான் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். திரும்பியதும் வயற்பொறுப்பை என்னிடம் விடும்படி வற்புறுத்தினேன். அவரும் விட்டார். 1983ஆம் ஆண்டுத் தாளடியில் ஒன்பது மாவிலும் ஐ.ஆர். 20 நட்டோம்.

நடவின்போது என் தந்தையார், இலாகாவின் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எட்டு அடிக்கு ஓர் அடி அகலம் நடாமல் பட்டம் விட்டால் பயிரின் அடியில் காற்றும் வெயிலும் புகும், புகையான் தங்காது என்று அதில் இருந்தது. நான், "அப்பா, ஒன்பது மாவில் ஒரு மாவைத் தரிசாகப் போடச் சொல்கிறீர்களா?" என்று சிரித்தேன். யூரியாவையும் சொன்ன அளவுக்கு இரட்டிப்பாக இட்டேன். பயிர் கரும்பச்சையாக எழுந்து நின்றது. வரப்பில் போவோரெல்லாம் புகழ்ந்தார்கள். அவர் மட்டும், "தம்பி, இந்தப் பச்சை கண்ணுக்கு அழகு, களத்துக்கு அழகன்று" என்றார். நான் கேட்கவில்லை.

மார்கழியில் புகையான் வந்தது. அது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவது. நான் தண்ணீரை வடிக்கவில்லை. மருந்தை இலைமேல் தெளித்தேன். அடியிலிருந்த புகையானுக்கு அது எட்டவில்லை; அதைத் தின்னும் சிலந்திகளே மடிந்தன. ஒரு வாரத்திற்குள் வயலில் அங்கங்கே வட்ட வட்டமாகத் தீயில் கருகினாற்போல் ஆயிற்று. அறுபது மூட்டை எதிர்பார்த்த இடத்தில் பதினான்கு மூட்டையே வந்தது. கூட்டுறவுச் சங்கக் கடனுக்காக என் தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது.

என் தந்தையார் என்னைக் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பி, வயலுக்கு அழைத்துச் சென்று, எரியாமல் மிஞ்சியிருந்த ஒரு தூரை இரு கையாலும் விலக்கிக் காட்டினார். "இனிமேல் பயிரை நின்றுகொண்டு பாராதே, குனிந்து பார்" என்றார். அவ்வளவே. அதற்குப் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தத் தாளடியைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசவில்லை. என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது தெரியாமலே நான் காலங்கழித்தேன்.

அவர் காலமான பதினாறாம் நாள், கருமாதிக்கு வந்தவர்கள் சென்றபின், பெட்டியைத் திறந்து 1983ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கோட்டின் கீழே இவ்வாறு இருந்தது: "தாளடி 14 மூட்டை. பட்டம் விடும்படி பையனிடம் ஒரு தரம் சொல்லி நிறுத்திக்கொண்டது என் குற்றம். இரண்டு தரம் சொல்லியிருக்க வேண்டும். அவன் நல்ல குடியானவனாக வருவான்." அதை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்ல இயலாது.

தாத்தாவும் பேத்தியும்

அவர் குறையற்றவர் என்று கூற நான் வரவில்லை. என் தமக்கையை எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் வகுப்பில் முதல்வியாக இருந்தவள். நாற்று நடவுக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். எந்த ஆண்டுப் புத்தகத்திலும் அது தவறென்று எழுதப்படவில்லை. வயலில் செய்த பிழைகளையே அவர் எழுதிப் பழகியவர். ஆனால் என் மகள் பிறந்து பள்ளிக்குச் செல்லத் தொடங்கியபின், நாள்தோறும் மாலையில் அவளது சிலேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். ஒரு நாள் என் தமக்கை வந்திருந்த சமயத்தில், அவள் காதுபடவே, "உன் அத்தைக்கு நான் செய்யாததை உனக்குச் செய்யவேண்டும், பாப்பா" என்றார். என் தமக்கை ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்றாள். அன்றிரவு அவருக்குச் சோறு போட்டவள் அவளே.

விதை தேர்ந்தெடுக்கும் நாள் பேத்திக்குத் திருநாள். காலையில் கோழி இட்ட முட்டையைக் கொண்டுவரும் வேலை அவளுடையது. பெரிய பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பு என்னும் அளவில் சிறிது சிறிதாகக் கரைப்பார்கள். புதுமுட்டையை அதில் விட்டால் முதலில் மூழ்கிக் கிடக்கும். கரைசல் போதிய கனம் அடைந்ததும், முட்டை எழும்பி மிதந்து, நாலணாக் காசு அகலத்திற்கு அதன் மேற்புறம் தெரியும். அப்பொழுது நெல்லைக் கொட்டிக் கலக்குவார்கள். பதரும் அரைமணியும் மேலே மிதக்கும். அவற்றை அரித்து நீக்கிவிடுவார்கள். அடியில் தங்கிய கனத்த மணிகளை உப்புப் போக இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் உடனே அலச வேண்டும். தவறினால் முளைப்பு கெடும். "கடன் வாங்கி எரு வாங்கலாம், கடன் வாங்கியும் வீரியமில்லாத விதைக்கு வீரியம் வாங்க முடியாது" என்று அவளிடம் கூறுவார். அவள் தலையாட்டிவிட்டு முட்டையை அடுக்களைக்கு எடுத்துச் செல்வாள்.

கூலி நெல் அளக்கும்போது அவர் மரக்காலைக் குவித்தே அளப்பார், தலைதட்டி அளப்பதில்லை. நடவு நட்ட பெண்டுகளுக்கு நண்பகலில் நிழலும் குடிதண்ணீரும் உண்டா என்று தாமே போய்ப் பார்ப்பார். அவரது இறுதி ஊர்வலத்தில் அவர்கள் அழுத அழுகை, கூலிக்கு அழுத அழுகை அன்று.

இறுதி ஆண்டு

2012ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. ஆற்றில் மணல் பறந்தது. என் தந்தையார் படுக்கையிலிருந்தார். நாள்தோறும் காலையில் பேத்தி செய்தித்தாளில் அணையின் நீர்மட்டத்தைப் படித்துச் சொல்லவேண்டும். முழுக்கொள்ளளவு 120 அடி என்பது அவளுக்கு மனப்பாடம். படித்தவுடன், "தண்ணீர் வந்ததா?" என்று கேட்பார். "இல்லை, தாத்தா" என்பாள். ஆடிப்பெருக்கன்று ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் நீர் எடுத்து வந்து அவர் தலைமாட்டில் வைத்தோம்.

அதற்கு மறுநாள் என்னை அருகில் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது, சொல் தெளிவாக இருந்தது. "குறுவைக்குக் கடன் வாங்காதே. சம்பாவுக்கு நாற்றங்கால் பார்த்துக்கொண்டு காத்திராதே. ஆவணி மழைக்குப் புழுதியிலே நேரடியாக விதைத்துவிடு. வருகிற தண்ணீர் நின்ற பயிருக்கு வரட்டும்" என்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, "நாளை எழுதினாயா?" என்றார். அவர் கை நடுங்கத் தொடங்கியது முதல் புத்தகத்தை எழுதி வந்தவள் பன்னிரண்டு வயதுடைய அவளே. அம்மாதம் முடிவதற்குள் அவர் காலமானார்.

அவர் சொன்னபடியே விதைத்தோம். அணை செப்டம்பர் 17ஆம் தேதி திறக்கப்பட்டது. புரட்டாசியில் எங்கள் வாய்க்காலுக்கு நீர் எட்டிய அன்று பயிர் முழங்கால் உயரம் நின்றது. அந்தப் பருவத்தில் நீர் போதாமல் கடைமடையில் பலருக்குச் சம்பா பொய்த்தது. எங்களுக்கும் முழு விளைவு இல்லை, பாதி கிடைத்தது. கடன் இல்லாமையால் அந்தப் பாதி எங்களைக் காத்தது.

அன்பர்களே, என் தந்தையாரின் 67 புத்தகங்களிலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கிக் கூறின் இவையே: புதியதை முதலில் சிறு அளவில் செய்து பார்த்தல், விதையை வீட்டிலேயே தேர்ந்து காத்தல், பருவம் பிந்தினால் பயிரை மாற்றிக்கொள்ளுதல், பயிரைக் குனிந்து நோக்குதல், ஆண்டு முடிவில் தன் பிழையைத் தானே எழுதி வைத்தல். இவற்றுள் கடைசியானதற்குச் செலவு யாதும் இல்லை. ஒரு புத்தகமும் எழுதுகோலுமே வேண்டும். ஆயினும் செய்வதற்கு அதுவே அரியது. அவர் பிள்ளையாகிய நான் அதைத் தொடங்கியது, அவர் போன பின்னரே. இனிப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லி நிறுத்திக்கொள்ளாமல் இரண்டாம் முறையும் சொல்லுதல் நலம் என்பதையும் அவர் எழுத்தே எனக்கு அறிவித்தது.

என் மகள் பின்னர்க் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பை முடித்தாள். இப்பொழுது வயலில் பட்டம் விடுவதும் நாள் எழுதுவதும் அவள் பொறுப்பு. அந்த 67ஆம் புத்தகத்தில், அவர் காலமான நாளுக்குப் பின் ஒரு மாதத்திற்கு மேல் ஒன்றும் எழுதப்படாமல் இருக்கின்றது. பிறகு, வாய்க்காலுக்கு நீர் எட்டிய நாளில், சிறு பிள்ளையின் கையெழுத்தில் ஒரே வரி காணப்படுகின்றது: "தாத்தா, தண்ணீர் வந்தது."